எக்மோர்த் கோட்டை நகரத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் போதுமா?

தெற்குப் பிரான்சில் நீமிலோ மோன்பெலியேவிலோ தங்கியிருக்கிறீர்கள், கடற்கரைக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் போதவே போதாது. "ஒரு சுவர், ஒரு கோபுரம், அவ்வளவுதான்" என்று எழுதுகிறவர்கள் வாசலோடு திரும்பியவர்கள். உப்பளத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நீமிலிருந்து லெ க்ரோ-து-ருவா என்ற கடற்கரை ஊருக்குப் போகும் ரயில் எக்மோர்த்தில் நிற்கும். முக்கால் மணி நேரப் பயணம். மோன்பெலியேவிலிருந்து நேரடி ரயில் கிடையாது, நீம் போய் மாற வேண்டும். வண்டிகள் குறைவு என்பதால், இறங்கியதுமே திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். காரில் போனால் மதிலைச் சுற்றிக் கட்டண நிறுத்துமிடங்கள் உண்டு. கோடையில் காலையிலேயே நிரம்பிவிடும்.

ஊருக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. மதில் மேல் ஏறவும் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்துக்குள் போகவும்தான் டிக்கெட். மதிலின் சுற்றளவு 1,634 மீட்டர். கோபுரங்களுக்குள் நுழைந்தால் ஒழிய நிழல் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் நண்பகலில் ஏறினால் பாதியிலேயே துவண்டுவிடுவீர்கள், திறந்ததும் ஏறிவிடுங்கள். இன்னொரு பிரெஞ்சுக் கோட்டை நகரமான கார்க்காசோன் இதைவிடப் பிரம்மாண்டம் என்று யாராவது கீழே எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் அங்கே 19-ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பு நிறைய. இங்கே நிற்பது பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டிய சுவரேதான். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி 1248-லும் 1270-லும் சிலுவைப் போருக்குக் கப்பலேறிய துறைமுகம் இது. பிறகு கடலோடு இணைத்த வாய்க்கால்கள் தூர்ந்தன. 1481-இல் மார்செய் பிரெஞ்சு முடியின் கீழ் வந்ததும் இந்தத் துறைமுகத்தின் தேவையே குறைந்துபோனது. ஊர் மதிலைத் தாண்டிப் பெரிதாக வளராததால்தான் மதில் பிழைத்தது.

கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தின் சுவர் 6 மீட்டர் தடிமன். மேல் அறையின் நடுவில் ஒரு திறப்பு இருக்கும். அதன் கல் விளிம்பைக் குனிந்து பாருங்கள். "எதிர்த்து நில்" என்ற பொருளில் ஒரே ஒரு சொல் செதுக்கியிருக்கும். மரி துய்ரான் செதுக்கியது என்பார்கள். புராட்டஸ்டன்ட் போதகரின் தங்கை அவர். அப்போது சிறையாக இருந்த இந்தக் கோபுரத்தில் 1730-இல் அடைக்கப்பட்டு 1768-இல்தான் வெளியே வந்தார். மதத்தைக் கைவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முன்னமே விட்டிருப்பார்கள். அந்த அறையில் நின்று நிதானமாகப் பார்க்காமல் வெளியே வராதீர்கள்.

அடுத்தது உப்பளம். இதற்குத் தனி டிக்கெட். குட்டி ரயிலிலோ சைக்கிளிலோ சுற்றலாம். தண்ணீர் இளஞ்சிவப்பாவதற்குக் காரணம் துனாலியெல்லா சலினா என்ற நுண்பாசி. மத்தியதரைக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்பு; பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி 250 கிராமைத் தாண்டும்போது மற்ற உயிர்கள் ஒதுங்க, இந்தப் பாசி சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொண்டு பெருகும். அதைத் தின்னும் உப்புநீர் இறாலைத் தின்றுதான் பூநாரையும் சிவக்கிறது. எனவே நிறம் வேண்டுமானால் கோடையில் போங்கள். குளிர்காலத்திலும் நல்ல மழைக்குப் பிறகும் வெளிறிக் கிடக்கும். வண்ணத்தை ஏற்றிப் போட்ட படங்களைப் பார்த்துவிட்டுப் போய் "ஏமாற்றிவிட்டார்கள்" என்பது நியாயமில்லை. பாத்தியில் இறங்கக் கூடாது. உப்பு அம்பாரத்தின் மேல் ஏறவிடுவார்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த வெண்மையைப் பார்க்க முடியாது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1421-இல் பிரெஞ்சு முடியோடு மோதிய பர்கண்டிப் பிரபுவின் வீரர்களின் பிணங்களை உப்புப் போட்டு ஒரு கோபுரத்தில் அடுக்கினார்கள் என்ற கதையை ரசித்து ரசித்துச் சொல்கிறார்கள். அதே உப்புக்காக 1893 ஆகஸ்டில் இங்கே கூலிக்கு வந்த இத்தாலியத் தொழிலாளர்களை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அரசுக் கணக்கிலேயே எட்டுப் பேர். அங்குலேம் நகரில் நடந்த விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை. பயணக் குறிப்புகளில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. வரலாற்று நகரம் என்று கூப்பிட்டால் அந்த வரலாறும் சேர்த்திதான்.

நேரம் மிஞ்சினால் வடக்கே 3 கிலோமீட்டரில் கார்போனியேர் கோபுரம் இருக்கிறது. சதுப்பு முழுக்கத் தெரியும். அந்தி சாய்ந்தால் கொசு மொய்க்கும், முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் அவசியம். மிஸ்ட்ரால் என்ற பலத்த வடக்குக் காற்று வீசுகிற நாளில் கொசு இருக்காது, ஆனால் மதில் மேல் தொப்பி நிற்காது. ஆரஞ்சுப் பூ நீர் மணக்கும் ஃபுகாஸ் என்ற இனிப்பு ரொட்டியை ஊருக்குள் எந்த ரொட்டிக் கடையிலும் கேட்கலாம்.