பாரம் எங்கே இருக்கிறது? டிரெய்லர் முகாம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய் முகாமில் உள்ளே படுத்துக்கொள்ளும், மண் பாதையிலும் போகக்கூடிய சிறிய டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், ஐந்து வயது மகன். சமையல் மேடை டிரெய்லரின் பின்பக்கம் இருக்கிறது. சைக்கிள்களையும் தண்ணீர்க் கேன்களையும் அங்கேயே ஏற்றுகிறோம். நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடுகிறது. இன்னும் வேகமாகப் போனால் நேராகிவிடும் என்கிறார் என் மைத்துனர். அப்படிச் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். ஒரு கட்டத்தில் டிரெய்லர் காரையே சேர்த்து இழுத்துத் திருப்பிவிடும். ஆடத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாக இயக்கும் வசதி உங்கள் காரில் இருந்தால், அதை மெல்லக் கொடுங்கள். டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும்.

இது ஆடும்போது செய்ய வேண்டியது. ஆட்டத்துக்குக் காரணமோ உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சமையல் மேடை, சைக்கிள், தண்ணீர் எல்லாமே சக்கர அச்சுக்குப் பின்னால்! பின்பக்கம் கனத்தால் முன்நுனி தூக்கிக்கொள்ளும். டிரெய்லரை மாட்டும் காரின் கொக்கியை அழுத்த வேண்டிய பாரம் குறைந்துவிடும். அதோடு, அச்சிலிருந்து தள்ளியிருக்கும் பாரம் ஒருமுறை அசைந்தால் எளிதில் அடங்காது. சிறிய டிரெய்லர்தானே என்று நாம் அலட்சியமாக ஏற்றுகிறோம். சிறியதாக இருப்பதால்தான் இரண்டு கேன்களை இடம் மாற்றினாலே அதன் போக்கு மாறுகிறது.

ஆகவே முதலில் எடை போடுங்கள். பயணத்துக்கு ஏற்றுவது அத்தனையையும் ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போய் டிரெய்லரின் மொத்த எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, உடல் எடை பார்க்கும் கருவியின்மேல் உறுதியான மரக்கட்டை ஒன்றை நிறுத்தி, டிரெய்லரின் முன்நுனியை அதன்மேல் இறக்குங்கள். காரில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் நுனி இருக்க வேண்டும். கருவி தாங்கும் அளவையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் அங்கே வந்தால் பெரும்பாலான சிறு டிரெய்லர்களுக்கு நல்லது. 900 கிலோ டிரெய்லர் என்றால் 90 கிலோ. ஆனால் கார் நிறுவனமும் கொக்கி நிறுவனமும் குறிப்பிட்டிருக்கும் உச்ச வரம்புதான் இறுதி. அதைத் தாண்டக் கூடாது. இந்த 90 கிலோவைக் கார் சுமக்கும் பாரத்திலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

தண்ணீரை அச்சுக்கு நேர் மேலே, டிரெய்லரின் தளத்தோடு ஒட்டித் தாழ்வாக வையுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ; 80 லிட்டர் என்றால் வளர்ந்த ஓர் ஆளின் எடை. முகாமிடும் இடத்துக்கு அருகில் நல்ல தண்ணீர் கிடைப்பது உறுதியென்றால், வழிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம். சைக்கிள்களைக் காரின் கூரைக்கு மாற்றுங்கள், கூரை தாங்கும் அளவைப் பார்த்துவிட்டு. எல்லாம் மாற்றிய பிறகு மறுபடி எடை பார்க்க மறக்க வேண்டாம்.

கேள்வி: குளிர்ந்த இடங்களில் இரவு டிரெய்லரின் சுவரெல்லாம் நீர் கோத்துக்கொள்கிறது. குழந்தைகளின் மெத்தையும் நனைகிறது. சன்னல்களை அடைத்துவிட்டு, படுக்கும் முன் கேஸ் அடுப்பைச் சிறிது நேரம் எரியவிட்டால் உள்ளே காய்ந்துவிடுமா?

பதில்: கூடவே கூடாது, சகோதரி. அடைத்த சிறு அறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; தூங்குகிறவரை எழுப்பாது. இன்னொன்று: கேஸ் எரியும்போதே நீராவியும் உண்டாகிறது. அடுப்பை எரித்து ஈரத்தைப் போக்க நினைத்தால் ஈரம்தான் கூடும்.

நீங்கள் பார்க்கும் ஈரம் பெரும்பாலும் உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சுக்காற்றிலிருந்து வருவது. அதற்கு வெளியேற வழி வேண்டும். கூரைத் திறப்பை இரண்டு விரல் அளவும், எதிர்ப்பக்கம் தாழ்வாக உள்ள சன்னல் ஒன்றைச் சற்றும் திறந்துவையுங்கள். குளிருக்குப் போர்வையைக் கூட்டுங்கள், காற்றைக் குறைக்காதீர்கள். மெத்தையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மேலே உலர்ந்திருந்தாலும் அங்கே சில்லென்று ஈரம் இருக்கும். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே காற்று புகும்படி சட்டங்களோ துளையுள்ள விரிப்போ போடுங்கள். காலையில் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள்.

தரையோடு ஒட்டிய காற்றுத்துளைகளைத் துணியால் அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், வெளியேற வழி அதுதான். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் பொருத்துங்கள். குழந்தைகள் உள்ளே தூங்கும் டிரெய்லரில் அது கட்டாயம்.

கேள்வி: சரளைப் பாதையில் டயர் காற்றைக் குறைக்க வேண்டுமா?

பதில்: குறைத்தால் அதிர்வு குறையும், பிடிப்பு கூடும். ஆனால் வேகத்தையும் குறைக்க வேண்டும். காற்று குறைந்த டயர் வேகமாக ஓடினால் சூடேறிக் கிழியும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்ப பம்ப் கையில் இல்லாவிட்டால் குறைக்கவே வேண்டாம். கரடுமுரடான பாதை முடிந்ததும் சக்கர நட்டுகளை ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள்.

கேள்வி: டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டவே வரவில்லை. நீளமான டிரெய்லர் வைத்திருக்கும் நண்பர் எளிதாக ஓட்டுகிறார்.

பதில்: குட்டையான டிரெய்லர்தான் பின்னோக்கி ஓட்டக் கடினம், சட்டென்று மடங்கிவிடும். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. மடங்கத் தொடங்கினால் போராடாமல் முன்னே இழுத்து நேராக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்தபடி, உங்கள் கண்ணில் படும் இடத்தில் நிற்கட்டும். அவர்கள் கண்ணில் படவில்லை என்றால் வண்டியை உடனே நிறுத்துங்கள். இடம் மிகக் குறுகலாகவும் தரை சமமாகவும் இருந்தால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து டிரெய்லரைக் கழற்றிக்கொண்டு, பிறகு கட்டையை எடுத்து, டிரெய்லரின் முன்நுனியில் இருக்கும் சிறு சக்கரத்தின் உதவியால் இரண்டு பெரியவர்கள் கையாலேயே தள்ளிச் சேர்த்துவிடலாம். சரிவான தரையில் மட்டும் இதை முயல வேண்டாம்.