சம்பளம் வந்த ராத்திரியே ரம்மி ஆப் திரும்ப ஏறுகிறதா?

மூன்று முறை அழித்தும் சம்பள நாளில் திரும்ப ஏற்றிவிடுகிறீர்கள் என்றால், ஆப்போடு மல்லுக்கட்டுவதை விடுங்கள். பணம் போகும் வழியை அடைத்துவிடுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து யுபிஐயை எடுத்துவிட்டு, கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை வங்கி ஆப்பிலேயே அணைத்துவிடுங்கள். தினச் செலவுக்குச் சின்னத் தொகை மட்டும் உள்ள வேறு கணக்கு போதும். சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

அனேகமாக உங்களை இழுப்பது ஆட்ட ஆசை இல்லை, போன மாதம் விட்டதைப் பிடிக்கும் வெறி. சரிபார்க்க, மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஆட்டத்துக்குப் போன தொகைகளை நேரத்தோடு குறியுங்கள். 500, அப்புறம் 1000, அரை மணியில் 2000 என்று ஏறினால் அதேதான்.

14416-க்கு (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) போன் போடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனால் "தூக்கம் வரலை" என்று சுற்றி வளைக்காமல் சூதாட்டம் என்றே சொல்லுங்கள். இல்லையென்றால் தூக்கத்துக்குத்தான் மருந்து வரும்.

ஒன்று கவனம்: வீட்டார் கடன் அடைக்கப் பணம் தந்தால் உங்கள் கைக்கு வரக்கூடாது, கடன்காரருக்கு நேராகப் போகட்டும். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். தனியாக இருக்காமல் அந்த நிமிஷமே 14416-ஐ அழையுங்கள்.