டெஸ்பரேட் நிலையைத் தேடிப் போகும் ஆட்டக்காரருக்குப் புள்ளி கொடுக்கலாமா?

திருடர் கும்பலாகப் பாத்திரமேற்று ஆடும் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' விளையாட்டில் உங்கள் நண்பர் அனுபவப் புள்ளிக்காகவே, மிக ஆபத்தான 'டெஸ்பரேட்' நிலையை வலியத் தேடிப் போகிறார் என்றும், அப்படிப்பட்டவருக்கும் விதிப்படி புள்ளி கொடுத்தாக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுத்தாக வேண்டும். 2017இல் அச்சில் வந்த விதிநூல் இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை: டெஸ்பரேட் நிலையில் பகடையை உருட்டினாலே, வெற்றியோ தோல்வியோ, அந்தச் செயல் எந்தப் பண்பைச் சேர்ந்ததோ அதன் கீழ் 1 புள்ளியைக் குறித்துக்கொள்ளலாம். ஆட்டக்காரரின் உள்நோக்கத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

எனக்கும் இதே எரிச்சல் இருந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் 5 பேர் விளையாடுகிறோம். விளையாட்டின் கற்பனை நகரமான டோஸ்க்வோலை ஓரமாக வைத்துவிட்டு, களத்தைச் செவ்வாய்ப்பேட்டைக்கு மாற்றிக்கொண்டோம், ஏனெனில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் திருடப் புகுவது எங்கள் எல்லோருக்கும் கண்முன்னே விரிகிற காட்சி. எங்களில் இளையவர் ஒவ்வொரு வாரமும், "படி வேணாங்ண்ணா, ஓட்டப் பிரிச்சு எறங்கறேன். டெஸ்பரேட்தானே?" என்பார். நானும் தலையாட்டுவேன். பகடை காலை வாரினால் கால் லேசாகச் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிக் கடந்துவிடுவேன். மற்றவர்கள் பாதியைக்கூட எட்டாதபோது, அவருடைய பிரவெஸ் (உடல்திறன்) பண்பின் 6 புள்ளிக் கட்டங்களும் நிரம்பிவிட்டன, முணுமுணுப்பு எழுந்தது.

தவறு அவருடையதல்ல, என்னுடையது. எந்தச் செயலை உருட்டுவது என்பதை ஆட்டக்காரர் முடிவுசெய்கிறார். நிலை கன்ட்ரோல்டா (கைக்குள் இருப்பது), ரிஸ்கியா (ஆபத்தானது), டெஸ்பரேட்டா என்பதை ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் முடிவுசெய்கிறார்; எங்கள் குழுவில் அது நான். டெஸ்பரேட் என்று ஒப்புக்கொண்டுவிட்டு ரிஸ்கிக்கு உரிய விளைவுகூடத் தராமல் விட்டது நான்தான்.

அடுத்த வாரம் அதே ஓட்டின்மேல் அவர் ஏறியபோது, உருட்டும் முன்பே சொல்லிவிட்டேன்: நேர்கீழே வெள்ளி உருக்கும் உலை கனன்றுகொண்டிருக்கிறது, சரிந்தால் மூன்றாம் நிலைக் காயம், அதாவது கடுமையான காயம். 2 ஸ்ட்ரெஸ் (மன அழுத்தம்) ஏற்றுக்கொண்டு கூடுதலாக ஒரு பகடை வாங்கி உருட்டினார்; விழுந்தவை 2, 4. பெரியது 4, அதாவது பாதி வெற்றி, என்பதால் இறங்கிவிட்டார், ஆனால் கால் வெந்துபோயிற்று. விளைவைத் தடுக்க உருட்டியிருக்கலாம், ஆனால் ஸ்ட்ரெஸின் 9 கட்டங்களில் 8 ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அந்த உருட்டலில் 6 விழாவிட்டால் ஸ்ட்ரெஸ் ஏறிக் கடைசிக் கட்டமும் நிரம்பி, 'டிராமா' (trauma) எனும் நிரந்தர மனக்காயம் வந்துவிடும். காயத்தை ஏற்றுக்கொண்டு, மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வர, வெளியே வந்தார். அந்த 1 புள்ளியைப் பார்த்து யாரும் முணுமுணுக்கவில்லை.

இந்த விதியை மற்ற விளையாட்டுகளோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 'டங்ஜன் வேர்ல்ட்'டில் உருட்டிய மொத்தம் 6 அல்லது அதற்குக் கீழே விழுந்தால்தான் புள்ளி, அதாவது அது தோல்விக்கான ஆறுதல். நம் தாயத்தில் தாயம் விழுந்தால் மறுபடி உருட்டுகிறோமே, அது அதிர்ஷ்டத்துக்கு. இங்கேயோ பகடை கையை விட்டுக் கிளம்பும்போதே புள்ளி உறுதியாகிவிடுகிறது. 'டங்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பின் பார்பேரியன் (முரட்டு வீரர்) துணிந்து தாக்கினால், அவருடைய அடுத்த முறை வரும்வரை எதிரிகளும் அவரைச் சாதகமாகத் தாக்கலாம்; அதற்கான விலையை விதியே வாங்கிவிடுகிறது. பிளேட்ஸில் அதைக் கேம் மாஸ்டர்தான் கேட்டு வாங்க வேண்டும். மென்மையான மனமுள்ளவர்களுக்கு இது சற்றுக் கடினம்.

ஆட்டக்காரர் தாமே நிலையை மோசமாக்கச் சொல்வதும் ஏமாற்று அல்ல. நிலையை ஒரு படி இறக்கி, அதற்குப் பதிலாக விளைபயனை ஒரு படி உயர்த்திக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சுவரேறுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதனால் என்ன கிடைக்கிறது என்று கேட்பேன். பதில் இல்லையென்றால் நிலையை மாற்ற மாட்டேன். இது நூலில் உள்ளதல்ல, என் வழக்கம்.

இன்னொன்றும் கவனியுங்கள். குழுவாகச் செய்யும் செயல் டெஸ்பரேட்டாக இருந்தால், அதில் உருட்டிய ஒவ்வொருவரும் புள்ளி குறித்துக்கொள்ளலாம். நாங்கள் இதைப் பல வாரங்கள் தவறவிட்டோம். இப்போதெல்லாம் அந்த இளையவர் தனியாக ஓட்டைப் பிரிப்பதைவிட, மற்ற மூன்று ஆட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறுவதில்தான் குறியாக இருக்கிறார்.