செல்லின் மேல் இருக்கும் சர்க்கரைக்காக அம்மாவைப் பட்டினி போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. புற்றுநோய் செல்களின் மேல் இருக்கும் சர்க்கரையால்தான் நோய் பரவுகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். அன்றிலிருந்து சோறு, பழம், பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். எடை இறங்கிக்கொண்டே போகிறது. நாங்கள் செய்வது சரியா?

பதில்: முதலில் அம்மாவுக்குச் சோறு போடுங்கள், தயவுசெய்து இன்றைக்கே.

வீடியோவில் வந்த விஷயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு தவறு. நம் உடலில் நல்ல செல்களின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. செல் தன் நொதிகளை (என்சைம்களை) வைத்து உள்ளேயே அவற்றைக் கட்டுகிறது. புற்றுநோயில் அந்த நொதிகளின் அளவு மாறுகிறது, சங்கிலிகளும் மாறிவிடுகின்றன. சாப்பாட்டைக் குறைத்து இதைத் திருத்த முடியாது. நீங்கள் சோற்றை நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். கரைவது அம்மாவின் தசைதான்.

அம்மாவுக்கு அடிக்கடி எடுக்கிறார்களே, சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை, அதுவே இந்தச் சர்க்கரைக் கதையோடு சேர்ந்ததுதான். சினைப்பைப் புற்றுநோய் செல்களின் மேல் இருக்கும் மியூசின் 16 என்ற மிகப் பெரிய புரதத்தின் ஒரு பகுதியைத்தான் அது அளக்கிறது. அந்தப் புரதம் முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள். வயிற்றின் உள்சவ்வில் இருக்கும் மீசோதீலின் என்ற புரதம் இந்தச் சங்கிலிகள் வழியாக அதைப் பிடித்துக்கொள்கிறது. சினைப்பையிலிருந்து உதிர்ந்த செல்கள் வயிற்றுக்குள் ஆங்காங்கே ஒட்டி வளர்வதற்கு இது ஒரு காரணம். சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற ஒரு வகைச் சர்க்கரை கூடினால் இன்னொரு தொல்லை: நோயெதிர்ப்பு செல்கள் தாக்காமல் அடங்கிவிடுகின்றன. அந்த அமிலத்தை ஒட்டவைக்கும் ஒரு நொதி அதிகமாக உள்ள செல்கள் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் தாக்குப்பிடிப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சர்க்கரைகளைக் குறிவைக்கும் முயற்சிகள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. அம்மாவுக்கு இன்று வேலை செய்யப்போவது கீமோதான், அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும்.

சிஏ-125க்கு 35 யூனிட் வரை இயல்பு என்பார்கள். வயிற்றுக் காசநோய், கல்லீரல் நோய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) ஆகியவற்றிலும் அது ஏறும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்காதீர்கள். அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஸ்கேனோடு சேர்த்துத்தான் உங்கள் டாக்டர் பார்ப்பார்.

சோறு, பருப்பு, முட்டை, மீன், தயிர், பழம் எல்லாம் கொடுக்கலாம். ஒரேயடியாகச் சாப்பிட முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எடை குறைந்ததையும் அடுத்த கீமோவுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவை அவர் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, வயிறு உப்பி வாந்தியோடு மலமும் காற்றும் போகாமல் நின்றாலோ, நடு இரவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.