பிசிஓஎஸ் இருப்பவர்களுக்குச் சின்ன வயதிலேயே பிபி வருமா?

கேள்வி கேட்டவருக்கு 26 வயது, பிசிஓஎஸ் (சினைப்பை சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறு) இருக்கிறது. காய்ச்சலுக்குப் போன இடத்தில் பிபி 142/92 என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வயதில் பிபியா, இதற்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. நான் டாக்டர் இல்லை, 19 வயதிலிருந்து இந்தப் பிரச்சினையோடு இருப்பவள், பட்டதையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

எனக்கு ஸ்கேன் எடுத்துச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் இதற்குப் பெயர் "கர்ப்பப்பை நீர்க்கட்டி". உண்மையில் அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். கட்டியும் இல்லை, முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். ஆனால் அந்தப் பெயர் எல்லோருடைய கவனத்தையும் அடிவயிற்றிலேயே நிறுத்திவிட்டது. மாதாமாதம் வருகிறதா, கல்யாணத்துக்கு அப்புறம் குழந்தை நிற்குமா, பன்னிரண்டு வருஷம் இந்த இரண்டு கவலைதான். நடுவில் இரண்டு வருஷம் ஹார்மோன் மாத்திரைகூட சாப்பிட்டேன், அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒருமுறைகூட யாரும் என் கையில் பிபி பட்டையைச் சுற்றவில்லை. 31 வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோதுதான் பார்த்தார்கள், 156/100. பயத்தில் ஏறியிருக்கும் என்று பத்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள், 152. பல்லைத் தொடாமலே அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு 54 வயதில் வந்த பிபி எனக்கு 31-லேயே வந்திருக்கிறது, எப்போது வந்தது என்றே தெரியாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சம்பந்தம் எப்படி என்றால், நம்மில் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது, அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த மிகுதி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது, முகத்தில் முடியும் பருவும் வருவது அதனால்தான். அதே இன்சுலின் சிறுநீரகத்தை உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கச் செய்கிறது, ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதும் குறைகிறது. பிபி ஏறாமல் என்ன செய்யும்? கூடவே கெட்ட கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் இதயத்துக்குப் பாரம். ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு வராது என்று நினைக்காதீர்கள், ஒல்லியானவர்களுக்கும் இந்த இன்சுலின் கோளாறு இருக்கலாம்.

2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் பிசிஓஎஸ்ஸையே இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. வருஷத்துக்கு ஒருமுறையாவது பிபி, கண்டுபிடித்த உடனே கொழுப்புப் பரிசோதனை, ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிபியும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள், அதனால் செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் 142-ஐ மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள், காய்ச்சலில் பார்த்தது. அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். காய்ச்சல் நன்றாக விட்டபிறகு ஒரு வாரம் வீட்டிலேயே, காலையும் மாலையும், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டிரண்டு முறை பாருங்கள். காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில், பேச்சு கூடாது. நான் முதலில் அம்மாவின் கருவியில்தான் பார்த்தேன். அம்மாவுக்குக் கை மெலிசு, அந்தப் பட்டை என் கையில் ஒட்டவே ஒட்டாமல் பிய்ந்துகொண்டு வரும், இழுத்துக் கட்டிப் பார்த்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். இறுக்கமான சுடிதார் கையை மேலே சுருட்டிவிட்டுப் பார்த்தாலும் தப்பாகத்தான் வரும். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிபி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதோடு மோர் மிளகாய், அப்பளம், ஊறுகாய் மூன்றையும் விட்டேன் (தயிர்சாதத்துக்கு மோர் மிளகாய் இல்லாமல் முதல் மாதம் அழுகையே வந்தது), தினமும் 40 நிமிஷம் நடக்கிறேன். எடை நான்கு கிலோதான் குறைந்தது, பிபி இப்போது 124/80-ஐ ஒட்டி நிற்கிறது. தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் அசதியாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் பிபியை ஏற்றும்.

மாதவிடாய்க்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சிலருக்குப் பிபியை ஏற்றும், சாப்பிடுகிறீர்கள் என்றால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இந்த 142-ஐ இந்த வாரமே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். குழந்தைக்கு முயற்சி செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிசிஓஎஸ் இருப்பவர்களுக்குக் கர்ப்பகாலத்தில் பிபி ஏறும் வாய்ப்பு அதிகம், சில பிபி மாத்திரைகளைக் கர்ப்பத்தில் சாப்பிடவே கூடாது, முன்கூட்டியே மாற்றித் தருவார்கள்.