வளைந்த முதுகுடன் எடை தூக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. பள்ளியில் படிக்கும்போதே முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதாகச் சொன்னார்கள். அண்மையில் எடுத்த எக்ஸ்-ரேயில் வளைவு 22 டிகிரி என்று உள்ளது. தரமணியில் நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்வதால் மாலையில் இடுப்பு வலிக்கிறது. ஜிம்மில் சேரப்போனபோது, எடையைத் தொடவே கூடாது என்றார் பயிற்சியாளர். பெல்ட் போட்டுக்கொள் என்கிறார் அம்மா. என்ன செய்வது?
- வாசகி, வேளச்சேரி

பதில்: நீங்கள் தாராளமாக எடை தூக்கலாம். ஆனால், காலில் மரத்துப்போதலோ பலவீனமோ, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வளைவு 10 டிகிரியைத் தொட்டால்தான் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்றே பெயர். வளர்ச்சி முடிந்த பிறகு 30 டிகிரிக்கும் குறைவான வளைவு பெரும்பாலும் மேலும் கூடுவதில்லை. 50 டிகிரியைத் தாண்டியவர்களின் நிலைதான் வேறு. எனவே 22 டிகிரி என்ற எண்ணை மட்டும் பார்த்து உங்களைத் திருப்பி அனுப்பியது எனக்கு வருத்தம் தருகிறது. ஸ்கோலியோசிஸ் உள்ள அமெரிக்கர் லமார் காண்ட், 1985-இல் தம் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கை டெட்லிஃப்டில், அதாவது தரையிலிருந்து எடையை எடுத்து நிமிரும் முறையில், தூக்கினார். அவரைப் போல் தூக்கச் சொல்லவில்லை. வளைந்த முதுகும் பழக்கினால் சுமை தாங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் வாங்குவீர்கள். அதைத் தூக்கிக் கவிழ்க்கும்போது உங்கள் முதுகு 20 கிலோவுக்கு மேல் தாங்குகிறது, அதுவும் எந்தப் பயிற்சியும் இல்லாமல். ஜிம்மில் 4 கிலோவில் தொடங்கி, முறையைக் கற்றுக்கொண்டு, சிறிது சிறிதாகக் கூட்டுவது அதைவிடப் பாதுகாப்பானது.

முதலில் இடுப்பிலிருந்து குனியப் பழகுங்கள். ஒரு கழியை முதுகோடு சேர்த்துப் பிடித்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்புறத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்தால் முதுகு உருண்டுவிடாமல் தொடையின் பின்தசை இழுபடுவதை உணரலாம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஒரு கையால் டம்பெல்லை இழுத்தல், ஒரு கையில் எடையுடன் நிமிர்ந்து நடத்தல் என்று சேர்க்கலாம். வாரம் இரண்டு நாள் போதும். வலது, இடது பலம் வேறுபடுவது இயல்பு. பலவீனமான பக்கத்தில் முதலில் செய்து, மறுபக்கத்திலும் அதே எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். பயிற்சியின்போது லேசான வலி இருந்து மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம், நீடித்தால் எடையைக் குறையுங்கள். இந்தப் பயிற்சி வளைவை நிமிர்த்திவிடும் என்று எவரேனும் உறுதியளித்தால் நம்ப வேண்டாம். வலியைக் குறைத்துத் தாங்குதிறனைக் கூட்டுவதே இதன் பயன்.

பெல்ட்டைப் பொறுத்தவரை, நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சில வாரங்களாவது இயன்முறை மருத்துவர் ஒருவர் உங்கள் அசைவை நேரில் பார்ப்பது நல்லது. அதற்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும் செல்லலாம். எக்ஸ்-ரேயை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.