புளியமரமும் பஸ் கண்ணாடியும்

வணக்கம் சார்,

எனக்குத் திண்டிவனம் பக்கத்துக் கிராமம். போன மாதம் எங்கள் சமுதாய அமைப்பு ஒன்று நடத்திய மறியலில், நான் தினமும் வேலைக்குப் போகும் டவுன் பஸ்ஸின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். டிரைவருக்கு நெற்றியில் காயம். நான்கு நாள் எங்கள் ஊருக்கு பஸ்ஸே வரவில்லை. வீட்டுக்கு வந்து திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா, 87இல் வன்னியர் இடஒதுக்கீட்டுக்காக நடந்த சாலை மறியலில் இருந்தவர். "அன்னைக்கு நாங்க மரத்த வெட்டிப் போடலேன்னா நீ பாலிடெக்னிக் வாசப்படிய மிதிச்சிருக்க மாட்ட" என்றார். பொதுச்சொத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்றுதான் பள்ளியில் படித்தேன். அந்தப் படிப்பே அப்படி வந்ததுதான் என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைப் பேச எனக்கு வாய் கிடையாது.

பிற்படுத்தப்பட்டோரில் மிகவும் பின்தங்கிய சாதிகளுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று சட்டநாதன் கமிஷன் 1970இலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் காகிதம் அலமாரியில் தூங்கியது. 1980இல் வன்னியர் சங்கம் உருவானது. மாநாடு, பேரணி, 1986இல் ஒருநாள் சாலை மறியல், அப்புறம் ரயில் மறியல். எதற்கும் அரசு அசையவில்லை. அதன் பிறகுதான் 1987 செப்டம்பர் 17 முதல் ஏழு நாள் தொடர் சாலை மறியல். அந்தப் போராட்டத்தில் 21 உயிர்கள் போயின, பெரும்பாலும் போலீஸ் துப்பாக்கிக்கு. 1989இல் கருணாநிதி அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 50 சதவீதத்தை, பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 என்று பிரித்தது. அந்த 20க்குள் வன்னியர் மட்டும் இல்லை. மீனவர், வண்ணார், மருத்துவர், போயர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகள். மறியல் பக்கமே எட்டிப் பார்க்காத வீட்டுப் பிள்ளைகளும் அந்த வாசப்படியை மிதித்தார்கள். 19 ஆண்டு தூங்கிய காகிதத்தை எழுப்பியது யார் என்று கேட்டால், உங்கள் அப்பாவும் அவரோடு ரோட்டில் உட்கார்ந்தவர்களும்தான்.

சரி, மரம்?

மறித்ததையும் வெட்டியதையும் அவர் ஒரே கயிற்றில் கட்டுகிறார். எனக்கு அதை அவிழ்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அந்த நெடுஞ்சாலை இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலம்தான். இருபுறமும் புளியமரம். ஒன்றைச் சாய்த்தால் போலீஸ் லாரி நின்றுவிடும். கணக்கு அவ்வளவுதான், மரத்தின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் அரசை யோசிக்க வைத்தது சாய்ந்த மரங்களின் எண்ணிக்கை இல்லை, வீட்டை விட்டு ரோட்டுக்கு வந்த தலைகளின் எண்ணிக்கை. வட மாவட்டங்களில் இந்த ஓட்டு மொத்தமாக நகரும் என்று தெரிந்த பிறகு எந்தக் கட்சியும் பழையபடி இருக்க முடியாது.

மரத்தால் கிடைத்தது வேறொன்று: ஒரு வசைப்பெயர். விழுப்புரத்துக்குத் தெற்கே போய், 87இல் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 'மரம்வெட்டி' என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். 21 சாவுகளையும் அந்த ஒரு சொல் மூடிவிட்டது. பின்னாளில் வன்னியர் சங்கத்தின் ராமதாஸ் பசுமைத் தாயகம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பைத் தொடங்கி ஊர் ஊராகக் கன்று நட்டும் அந்தப் பெயர் போகவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாற்கரச் சாலைக்காக மிச்சமிருந்த புளியமரங்களை வரிசையாக வெட்டித் தள்ளியது அரசாங்கம். நெடுஞ்சாலைத் துறையை யாரும் மரம்வெட்டி என்று கூப்பிட்டதில்லை. டெண்டர் விட்டு வெட்டினால் அது வளர்ச்சி.

கல்லுக்கு எவ்வளவு தூரம் கை உண்டு என்பதற்கு அண்மைக் கதை ஒன்றும் இருக்கிறது. 2020 டிசம்பர் 1ஆம் தேதி, வன்னியருக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு வந்து, சென்னைக்குள் விடாமல் தடுக்கப்பட்ட, ராமதாஸின் கட்சியான பாமகவினர் பெருங்களத்தூரில் ரயில் மீது கல் எறிந்தார்கள். மூன்று மாதத்துக்குள், 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்குச் சற்று முன், அந்த 20 சதவீதத்துக்குள் வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டம் நிறைவேறியது. கல்லுக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் உயர்நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அதை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புதிய, உரிய தரவு இல்லை என்பது முக்கியமான காரணம். சட்டத்தை அவசரப்படுத்த முடிந்தது, அதைத் தாங்கும் புள்ளிவிவரத்தைக் கொண்டுவர முடியவில்லை.

இன்னொன்று. எல்லாக் கல்லும் ஒரே கல் என்று நினைக்காதீர்கள். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்று தொடங்கி, வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தேவேந்திரகுல வேளாளர் வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்க சாதி. பஸ் உடைந்தது, தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. உங்கள் அப்பா தனக்கு ஒன்று வேண்டும் என்று ரோட்டில் உட்கார்ந்தார். அங்கே பஸ்ஸை உடைத்தவர்கள் இன்னொருவனுக்கு ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடைக்கக் கூடாது என்று உடைத்தார்கள். அரசு கண்ட தீர்வு? எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டது. கட்டபொம்மனும் சேரனும் பாண்டியனும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். மாவட்டங்களின் பெயர்களிலிருந்தும் தலைவர்கள் போனார்கள். கல்லெறிந்தவன் கேட்டது கிடைத்துவிட்டது, எல்லோரையும் சமமாக நடத்தியது மாதிரியும் ஆகிவிட்டது.

'நம் வரிப்பணத்தை உடைக்கிறார்கள்' என்று சொல்வார்களே, அந்த வசனம் எனக்கு ஒட்டாது. அதைச் சத்தமாகச் சொல்கிறவர்களில் பலர் டவுன் பஸ்ஸில் ஏறிப் பல வருடம் ஆகியிருக்கும். சட்டமும் இருக்கவே இருக்கிறது. 1984இன் மத்தியச் சட்டத்தில் தீ வைத்தால் பத்தாண்டு வரை சிறை. தமிழ்நாட்டுக்கென்று 1992இல் தனிச் சட்டம். அமைப்பாளர்களிடம் இழப்பீடு வசூலிக்க வேண்டும் என்று 2009இல் உச்சநீதிமன்றம் வேறு சொல்லியிருக்கிறது. தேர்தல் வந்தால் போராட்ட வழக்குகள் மொத்தமாக வாபஸ் ஆவதையும் பார்த்திருக்கிறோம்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி: நான்கு நாள் ஊருக்கு பஸ் வரவில்லை. அமைச்சர் கார் உங்கள் ஊருக்கு வராது, கலெக்டர் ஜீப் எப்போதாவது வரும். அரசாங்கம் என்று தினமும் ஊருக்குள் நுழைவது அந்த டவுன் பஸ் ஒன்றுதான். கைக்கு எட்டும் அரசு அது என்பதால் அடியும் அதற்கே விழுகிறது. டிப்போவில் ட்ரிப் கட் செய்வது ஒரு நிமிட வேலை. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை நம்பித்தான் எத்தனையோ பெண்கள் பக்கத்து ஊர் வரை வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அந்த நான்கு நாள் அவர்கள் என்ன செய்தார்கள்? பைக் இருக்கிற வீட்டுக்கு மறியல் ஒருநாள்தான். உங்கள் சமுதாய அமைப்பின் கோரிக்கை எதுவாக இருந்தாலும், அதன் செலவைக் கட்டியவர்கள் உங்கள் தெருப் பெண்களும் நெற்றி உடைந்த ஒரு டிரைவரும். அவர் உங்கள் சாதியாகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்பாவிடம் வாதாடாதீர்கள். கேளுங்கள். அந்த ஏழு நாள் யார் சமைத்துப் போட்டார்கள், துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது எங்கே ஓடினார், வெட்டலாம் என்று முதலில் சொன்னது யார், வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா. இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் காலத்தில் சாலைப் புளியமரத்துக்கெல்லாம் எண் போட்டு வருடா வருடம் மகசூலை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் உலுக்கிக் கொண்டுவந்து கொட்ட, ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, கொட்டை எடுத்துக் கூலி வாங்குவார்கள். உங்கள் பாட்டியும் உடைத்திருக்கலாம். சாய்ந்த மரங்களின் ஏலத்தை அந்த வருடம் யார் எடுத்திருந்தார்? அடுத்த தை, மாசியில் அந்தப் பெண்களுக்கு வேலை இருந்ததா?

சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அவர் பெயரும் போடாமல் வெளியிடுகிறேன்.